மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சூரிய மின் வேலை: எங்கே இருக்கிறது, யாருக்குக் கிடைக்கும்?

களுதாவளையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: தம்பி உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படித்து முடித்துவிட்டு வீட்டில் நிற்கிறான். கட்டாருக்குப் போக ஏஜென்சியில் காசு கட்டப் பார்க்கிறான். கிழக்கில் இவ்வளவு சோலார் திட்டம் வருகிறது என்கிறார்கள். உள்ளூரிலேயே நிரந்தர வேலை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எதைப் படிக்க வேண்டும்?

தங்கச்சி, வேலை இருக்கிறது. ஆனால் எல்லோரும் தேடுகிற இடத்தில் அது அதிகம் இல்லை. பெரிய சோலார் நிலையம் ஒன்று வந்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் வேலை வந்துவிடும் என்று எங்கள் பக்கம் நம்புகிறார்கள். அதை முதலில் பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவிக்கு அங்கால், வவுணதீவில் 10 மெகாவாட் சோலார் நிலையம் இருக்கிறது. ஒரு பேனல் 500 வாட் என்று வைத்தால் 10 மெகாவாட்டுக்கு 20,000 பேனல் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்கு மூன்று முதல் ஐந்து ஏக்கர் என்று கணக்கிட்டால் முப்பது முதல் ஐம்பது ஏக்கர் காணி. இப்படி ஒன்றைக் கட்டும்போது பற்றை வெட்ட, நிலம் மட்டமாக்க, தூண் இறக்க, சட்டம் பூட்ட, பேனல் தூக்க, கேபிள் புதைக்க என்று ஆள் நிறையத் தேவை. மாதக்கணக்கில் நல்ல உழைப்பு கிடைக்கும். கட்டி முடித்து 33 ஆயிரம் வோல்ற்று லைனில் இணைத்த பிறகு நிலைமை மாறிவிடும். சோலார் பேனலில் சுழல்கிற பாகம் கிடையாது, எரிபொருள் ஊற்றுகிற வேலையும் கிடையாது. காவலுக்குச் சிலர், புல் வெட்டவும் பேனல் கழுவவும் சிலர், ஒன்றிரண்டு தொழினுட்பவியலாளர். பொறியியலாளர் கொழும்பிலிருந்தே கணினியில் பார்த்துக்கொள்வார். நிலையம் இருபது வருஷத்துக்கு மேல் மின்சாரம் தரும், சம்பளம் வாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இது சூரிய மின்னின் குற்றம் இல்லை. எங்கள் பக்கத்திலேயே பழைய உதாரணம் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்து இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டோடு சேர்ந்த நீர்மின் நிலையம் சுமார் 11 மெகாவாட். வயலுக்குத் தண்ணீர் திறக்கும்போது அதே தண்ணீர் சுழலியையும் சுழற்றிவிட்டுப் போகும். அந்த மின் நிலையத்துக்குள் வேலை செய்தவர்கள் எப்போதும் கொஞ்சப் பேர்தான். உழைப்பைப் பெருக்கியது அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்கள். (அந்த அணையைக் கட்டிய கல்லோயாத் திட்டம் என்றதும் எங்கள் மூத்தவர்களுக்கு வேறு நினைவுகளும் வரும், காணி யாருக்குப் போனது என்பது உட்பட. காணி விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.) ஆக, மின்சாரம் உண்டாகிற இடத்தில் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதைவிட, அந்த மின்சாரத்தைச் சுற்றி என்ன தொழில் வளர்கிறது என்று கேட்பதுதான் சரி.

இப்போது அதே 10 மெகாவாட்டைக் கூரைகளில் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு வீட்டுக்கு 5 கிலோவாட் என்றால் 2,000 வீடு. இரண்டாயிரம் கூரையை ஏறிப் பார்த்து அளக்க வேண்டும். இரண்டாயிரம் விண்ணப்பம் மின் விநியோக நிறுவனத்துக்குப் போக வேண்டும். இரண்டாயிரம் இன்வேட்டர் (பேனலின் மின்னை வீட்டு மின்னாக மாற்றுகிற கருவி), எர்த், பிரேக்கர், மீற்றர் மாற்றம். பிறகு அத்தனைக்கும் பராமரிப்பு. பேனல் இருபத்தைந்து வருஷம் தாங்கினாலும் இன்வேட்டர் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். இந்த வேலை களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும். கொழும்பிலிருந்து ஆள் வந்து செய்தால் கட்டுப்படியாகாது, பக்கத்து ஊர்ப் பிள்ளைதான் செய்ய வேண்டும். உங்கள் தம்பிக்கு நான் காட்டுகிற இடம் இதுதான்.

உலகக் கணக்கையும் பாருங்கள். 2023ஆம் ஆண்டில் புதுப்பிக்கத்தக்க வலுத் துறையில் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 62 இலட்சம் பேர் வேலை செய்ததாக சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க வலு முகவரகம் கணக்குக் கொடுத்தது. அதில் சூரிய மின்னில் மட்டும் 70 இலட்சத்துக்கு மேல். ஆனால் பெரும்பங்கு சீனாவில், பேனலும் அதன் பாகங்களும் செய்கிற தொழிற்சாலைகளில். அந்தப் பங்கு எங்களுக்கு இல்லை. எங்களுக்கு மிஞ்சுவது பூட்டுகிற வேலையும் பழுது பார்க்கிற வேலையும். காற்றாலை வேலையும் எங்கள் பக்கத்துக்கு அதிகம் வராது. மன்னாரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் தம்பபவனி காற்றாலை நிலையம் நிற்கிறது என்றால் அங்கே அடிக்கிற காற்று அப்படி. கிழக்குக் கரையில் வெயில்தான் எங்கள் சொத்து.

நிலைமை ஒரேயடியாக ஏறுமுகம் என்று சொல்லி உங்களை நம்பவைக்க மாட்டேன். 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து எடுப்பது என்பது நாட்டின் இலக்கு. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசாங்கத்தின் கூரை சோலார் திட்டம் தொடங்கிய பிறகு கூரை சோலார் வேகமாகப் பரவி, 2025 ஆகும்போது நாடு முழுக்க ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதோடு இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று விலை. 2022இல் புதுக் கூரைத் தொகுதிக்கு யூனிற்றுக்கு 37 ரூபாய் தருவதாக அறிவித்தார்கள், பிறகு அது 27 ரூபாய் ஆனது, 2025இல் 5 கிலோவாட் வரையான சிறு தொகுதிகளுக்கு 20 ரூபாய் 90 சதமாக இறங்கியது. 5 கிலோவாட் தொகுதி மாதம் சராசரி 600 யூனிற் தரும் என்று வைத்தால், 22,200 ரூபாய் வந்திருக்க வேண்டிய இடத்தில் 2025 விலையில் 12,540 ரூபாய். வங்கிக் கடனில் பூட்ட நினைத்த வீட்டுக்காரர் இரண்டு முறை யோசிப்பார். பூட்டுகிற கம்பனிகளுக்கும் அது உறைத்தது.

இரண்டாவது, மின்வலையமைப்பின் கொள்ளளவு. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு ஒன்று நாடு முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டது. ஞாயிறு பகலில் தேவை குறைவு, சூரிய மின் அதிகம், கனமான சுழலிகள் குறைவாக ஓடிய நேரம், அதனால் அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஊர் மட்டத்திலும் இதே பிரச்சினைதான். ஒரு தெருவில் ஏழெட்டு வீட்டுக்காரர் சோலார் போட்டுவிட்டால் ஒன்பதாவது ஆளுக்கு 'இந்த ட்ரான்ஸ்போமரில் இனி இடமில்லை' என்ற பதில் வரலாம். மத்தியானம் வோல்ற்றளவு ஏறி இன்வேட்டர் தானாகவே நின்றுவிடும். வீட்டுக்காரர் கம்பனியைத் திட்டுவார், கம்பனி மின் விநியோக நிறுவனத்தைச் சொல்லும்.

உங்கள் தம்பி பயப்பட வேண்டியதில்லை, ஆனால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு இது நல்ல அடையாளம். பகலில் மிஞ்சுகிற மின்சாரத்தைச் சேர்த்து, மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரையான உச்ச நேரத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு பற்றரி வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் பேனல் பூட்டத் தெரிந்தவன் கெட்டிக்காரன். இனி பற்றரித் தொகுதியை இன்வேட்டரோடு இணைக்கத் தெரிந்தவன், வோல்ற்று ஏன் ஏறுகிறது என்று அளந்து காரணம் சொல்லத் தெரிந்தவன், பழைய தொகுதிக்கு பற்றரி சேர்த்து மாற்றிக் கொடுக்கத் தெரிந்தவன், இவர்களைத்தான் தேடுவார்கள். வெறுமனே பேனல் தூக்கிக் கொடுக்கிற ஆளுக்குக் கிராக்கி குறையும்.

வீடுகளைவிட நான் அதிகம் நம்புவது தொழில் இடங்களை. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளைப் பாருங்கள். விரிந்த தகரக் கூரை, மரத்தின் நிழல் விழாத இடம், பகலில்தான் இயந்திரம் ஓடுகிறது. அந்த மின்சாரத்தை வலையமைப்புக்கு விற்று என்ன விலை வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, தானே பாவித்தால் பில் நேரடியாகக் குறையும். வாழைச்சேனையில் மீனவர்களுக்கு ஐஸ் செய்கிற இடங்கள், மருதமுனையின் நெசவு, ஏறாவூர், காத்தான்குடிக் கடைத் தொகுதிகள், குளிரூட்டி ஓயாமல் ஓடுகிற பால் சேகரிப்பு நிலையங்கள், இவையெல்லாம் அந்த வகை. அரிசி ஆலைக்காரர்களிடம் இன்னொரு எரிசக்தியும் இருக்கிறது. ஒரு தொன் நெல்லைக் குத்தினால் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதில் ஒரு பங்கு நெல் அவிக்கிற கொதிகலனுக்குப் போகிறது, மிச்சம் பல இடங்களில் வேலியோரம் குவிந்து காற்றில் பறக்கிறது. அதை முழுமையாகப் பயன்படுத்துகிற கொதிகலன் இயக்குநர், பொருத்துநர், வெல்டிங் வேலைக்காரர் என்ற தொழில்கள் எங்கள் மாவட்டங்களுக்கு இயல்பாகவே பொருந்துபவை.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். களுதாவளை, செட்டிபாளையம் மணல் தோட்டங்களில் வெற்றிலைக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் இறைக்காத நாள் கிடையாது. மண்ணெண்ணெய் விலை ஏறிய காலத்தில் அந்தத் தோட்டக்காரர்கள் பட்ட பாடு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சோலார் பம்பு அந்தத் தோட்டத்துக்கு அளவாகப் பொருந்தும், ஏனென்றால் வெயில் கூடிய நாளில்தான் தண்ணீரும் கூடத் தேவை. பம்பு வாங்கிக் கொடுக்கிற திட்டங்கள் வருகின்றன, போகின்றன. பழுதானால் யார் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் தடுமாறுகிறது. கொன்றோலர் ஒன்று எரிந்து, திருத்த ஆள் இல்லாமல், பேனல் கோழிக்கூட்டுக்கு மேல் நிழலுக்குக் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன். ஊருக்குள் இரண்டு பேர் அந்தத் திருத்த வேலையைச் சரியாகப் படித்திருந்தால் போதும், அவர்களுக்கும் பிழைப்பு, தோட்டக்காரனுக்கும் நிம்மதி.

பராமரிப்பு என்றால் பேனல் கழுவுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பராமரிப்பு தனிப் படிப்பு. அறுவடைக் காலத்தில் வெட்டு இயந்திரம் கிளப்புகிற தூசியும் ஆலைகளின் உமித் தூசியும் பேனலில் படியும். அதை உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டாக உப்புப் படிந்து, முன்பைவிட மோசமாகும். கடற்கரையோரம் சாதாரண இரும்பு ஆணி ஒரு வருஷத்தில் துருப்பிடித்துவிடும், துருப்பிடிக்காத உருக்கும் அலுமினியமும்தான் நிற்கும். தென்னோலை ஒன்றின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தால் அந்த வரிசை முழுவதும் உற்பத்தி இறங்கும். வெயில் என்றால் உற்பத்தி கூடும் என்பதிலும் ஓர் எல்லை இருக்கிறது. பேனலின் சூடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 முதல் 0.4 வீதம் மின் குறையும். அதனால் தகரத்தோடு ஒட்டிப் பூட்டாமல் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளிக்குள் காற்றுப் புகுந்து தூக்கும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பார்த்தவர்கள் எங்கள் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அப்படியொரு காற்றுக்குச் சட்டம் நிற்குமா என்று கேட்காமல் கூரையில் கை வைக்கக் கூடாது.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வயரிங் 230 வோல்ற்று ஆடலோட்டம் (ஏ.சி.). சோலார் கூரையில் பத்துப் பேனலைத் தொடராக இணைத்தால் 500 வோல்ற்று நேரோட்டம் (டி.சி.) நிற்கும், பெரிய தொகுதிகளில் ஆயிரத்தைத் தொடும். வெயில் இருக்கும்வரை அதை நிறுத்த முடியாது, மெயின் சுவிட்சை அணைத்தாலும் பேனல் பக்கக் கம்பியில் மின் இருக்கும். நேரோட்டத்தில் பொறி ஒருமுறை பிடித்தால் இலகுவில் அணையாது. பேனல் கம்பிகளை ஒன்றோடொன்று பூட்டுகிற எம்சி4 இணைப்பை அதற்குரிய கருவியால் நசுக்காமல் குறட்டால் நசுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாதங்கள் கழித்து அந்த இடம் சூடேறிக் கருகும். அஸ்பெஸ்டஸ் சீற்றில் சிலாகை இல்லாத இடத்தில் கால் வைத்து விழுந்தவர்களும் உண்டு. வயரிங் பாஸ் (மேஸ்திரி) ஒருவருக்குப் பின்னால் சும்மா போய்ப் பழகினால் போதும் என்று சொல்கிறவர்களின் பேச்சைத் தம்பி கேட்கக் கூடாது.

படிப்பு. முதலில் மின்னியல் அடித்தளம், அதன் மேல் சோலார். 'சோலார் கோர்ஸ்' என்று மூன்று நாளில் சான்றிதழ் தருகிற இடங்களில் காசைக் கொட்ட வேண்டாம். தேசிய தொழிற்றகைமை, அதாவது என்.வி.கியூ. 4ஆம் மட்டத்தில் மின் தொழினுட்பம் படிப்பதுதான் நேரான வழி. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் தொழினுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும், வேலையிடத்திலேயே பயிற்றுகிற அரச நிறுவனமான நைட்டாவின் (NAITA) தொழில் பயிலுநர் முறையும் இருக்கின்றன. தம்பி உயர்தரம் சித்தியடைந்திருந்தால் அம்பாறை ஹார்டி நிறுவனத்திலோ சம்மாந்துறை உயர் தொழினுட்ப நிறுவனத்திலோ உயர் தேசிய டிப்ளோமாக்களில் அவனுக்குப் பொருந்துகிறது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழக அனுமதிக்குப் போதுமான இசற் புள்ளி (Z-score) இருந்தால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்பப் பட்டங்களையும் பார்க்கலாம். ஏற்கெனவே வயரிங் வேலை செய்கிற அண்ணன்மார் யாராவது வீட்டில் இருந்தால், முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் தருகிற வழியும் இருக்கிறது. பலருக்கு அது தெரியாமலே காலம் போகிறது. சிங்களமோ ஆங்கிலமோ ஓரளவு பேச வேண்டும். சியம்பலாண்டுவையின் 100 மெகாவாட் திட்டம் அம்பாறைக்கு அடுத்த மொனராகலை மாவட்டத்தில், சம்பூரின் 120 மெகாவாட் திட்டம் எங்கள் மாகாணத்திலேயே திருகோணமலையில். அப்படியான இடங்களில் மேற்பார்வையாளரோடு பேச முடியாதவன் மண்வெட்டியோடு நிற்க வேண்டியதுதான்.

கட்டார் விஷயத்தில் நான் குறுக்கே நிற்கவில்லை. அங்கேயும் வேலை மாறிக்கொண்டிருக்கிறது. கட்டாரின் அல் கர்ஸா 800 மெகாவாட், சவூதியின் சுதைர் 1,500 மெகாவாட், அமீரகத்தின் அல் தஃப்ரா 2,000 மெகாவாட். இந்த அளவுக்கு சோலார் போடுகிற நாடுகளுக்குச் சான்றிதழ் இல்லாத கூலியாளாகப் போவதும், என்.வி.கியூ. 4உம் இரண்டு வருஷ அனுபவமும் கையில் வைத்துக்கொண்டு போவதும் ஒன்றல்ல. ஏஜென்சிக்குக் கட்ட வைத்திருக்கிற காசை இப்போது தொடாமல் வையுங்கள். படித்துவிட்டுப் போனால் சம்பளமும் வேறு, திரும்பி வந்தாலும் கையில் தொழில் இருக்கும்.

காணி விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பெரிய திட்டங்கள் எழுவான்கரையில், அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் வராது, அங்கே வீட்டுக்கு வீடு ஒட்டிக் கிடக்கிறது. அவை வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்கும் அம்பாறையின் உட்பகுதிக்கும்தான் போகும். வெளியாருக்கு வெறும் பற்றைக் காடாகத் தெரிகிற அந்த இடம் மாட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல் தரை. மட்டக்களப்பு மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் மேய்ச்சல் தரைக்காக எவ்வளவு காலம் வீதியில் இருந்தார்கள் என்பது நாடறிந்தது. அந்தப் பிரச்சினை சோலாரால் வந்ததில்லை, ஆனாலும் காணி விஷயத்தில் எங்கள் ஆட்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதை அது காட்டும். நான் சூரிய மின்னை முழு மனதோடு ஆதரிக்கிறவன். அதனால்தான் சொல்கிறேன்: கம்பனி வருகிறபோதே, காணி அளக்க முன்னரே, மேய்ச்சல் பாதை எங்கே, குளத்துக்குப் போகிற நீரோட்டம் எங்கே, கட்டும்போது உள்ளூரில் எத்தனை பேர், கட்டிய பிறகு எத்தனை பேர், அவர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது என்று பிரதேச அபிவிருத்திக் கூட்டத்தில் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். வேலி போட்ட பிறகு கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

நீங்கள் தம்பிக்காகக் கேட்டீர்கள். உங்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. கூரை அளவை வைத்துக் கணினியில் பேனல் அமைப்பு வரைவது, மின் விநியோக நிறுவனத்துக்கு விண்ணப்பம் தயாரிப்பது, வங்கிக் கடனுக்கான கணக்கு எழுதுவது, பூட்டிய தொகுதிகளின் உற்பத்தியைத் தினமும் திரையில் பார்த்து எங்கே குறைகிறது என்று சொல்வது, எல்லாம் கூரை ஏறாமல் செய்கிற வேலைகள். எங்கள் பகுதிக் கம்பனிகள் பல இந்த வேலையைச் சரியாகச் செய்ய ஆளில்லாமல்தான் தடுமாறுகின்றன. கணக்கில் கவனமும் கணினிப் பழக்கமும் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

தம்பி பயிற்சி முடித்து ஒரு கம்பனியில் சேரும்போது நியமனக் கடிதம் கேட்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் போட வேண்டும், அது சட்டம். 'நாட்சம்பளம்தான், அதெல்லாம் கிடையாது' என்று இழுத்தடிக்கிற இடம் அனுபவத்துக்குச் சில மாதம் சரி, அதற்கு மேல் வேண்டாம். மாரியில் கூரை வேலை மந்தமாகும், நவம்பர் முதல் ஜனவரி வரை கையில் வேலை குறைவாக இருக்கலாம் என்று முதலிலேயே கணக்குப் போட்டு வையுங்கள், பற்றரி பற்றிப் படிக்க அந்தக் காலம் நல்லது. பயிற்சி நெறிகளுக்கு எப்போது விண்ணப்பம் எடுக்கிறார்கள் என்பதைக் களுவாஞ்சிக்குடிப் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்லுவார், இந்த வாரமே போய்க் கேளுங்கள். இன்னொன்று, கூரையில் ஏறுகிற பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பட்டியும் கையுறையும் தராத கம்பனியில், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் தம்பியைச் சேர்க்க வேண்டாம்.